சோக்கு இறங்கிய பிறகு

பட்டனை அழுத்தினால் முனகாமல் கிளம்புகிற வண்டிகளில் பிள்ளைகளை அனுப்பிவிட்டு வாசலில் நின்று கை காட்டுகிற வயதுக்கு நாமெல்லாம் வந்துவிட்டோம். முழங்காலுக்கு எந்தத் தைலம் நல்லது என்று ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்கிறோம். அதனால் நான் சொல்லப்போவது உங்களுக்கு விளங்கும். ஒரு மோட்டார் சைக்கிளை விடியக்காலையில் எழுப்புவது அன்றைக்கு ஒரு வேலை. இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால், "அதுக்கு ஏன் அவ்வளவு நேரம்?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியை நான் சரியான நேரத்தில் கேட்டிருந்தால் எங்கள் வீட்டில் பல விஷயங்கள் எனக்கு முன்பே தெரிந்திருக்கும். ஆனால் எனக்கு அப்போது நான்காம் வகுப்பு.

ருவான்வெல்லைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். தோட்டங்கள் கம்பெனிகளுக்குக் கைமாறிய புதிது. அப்பா அங்கே கணக்கப்பிள்ளை. தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்து, ரப்பர்ப் பால் வெட்டி, கங்காணியாகி, அதற்கும் மேலே ஏறியவர். அந்த வேலையோடு மேட்டில் ஒரு குவாட்டர்ஸும், தோட்டத்துக்குச் சொந்தமான ஒரு பழைய மோட்டார் சைக்கிளும் கிடைத்தன. குவாட்டர்ஸ் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். இரண்டு அறை, சமைக்க ஒரு குசினி, குசினிக்குள்ளேயே ஒரு தண்ணீர்க் குழாய்.

அந்தக் குழாய்தான் அம்மாவுக்குப் பெரிது. மலைத்தண்ணீர் விழுகிற பீலியடியில் குடத்தோடு வரிசையில் நின்றே வளர்ந்தவள் அவள். குடிவந்த முதல் நாள் குழாயைத் திறப்பதும் மூடுவதுமாக நின்றுகொண்டே இருந்தாளாம். "இனிமே பீலிப் பக்கம் என் கால் போகாது" என்று சொன்னதை அத்தை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாள்.

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. கீழ் லயத்தில் இருந்தாள். அம்மாவும் அவளும் பக்கத்துப் பக்கத்து நிரைகளில் பால் வெட்டியவர்கள். அண்ணனுக்கு அம்மாவைப் பேசி முடித்ததே அத்தைதான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மேலே ஏறி வந்து, அம்மாவின் தலையை மடியில் போட்டுப் பேன் பார்த்துக்கொண்டே, "என்னா அண்ணி, பைப்புத் தண்ணியில குளிச்சுக் குளிச்சு வெள்ளக்காரியாட்டம் ஆயிட்டீங்க" என்பாள். "போடி வாயாடி" என்று அம்மா அவள் தொடையில் கிள்ளுவாள். அந்த வருஷம் அத்தைக்குக் கைக்குழந்தை. அந்தக் குழந்தையின் மேல் அடித்த பால் வாசனையும் அத்தையின் சேலையில் அடித்த, ரப்பர் மரத்தில் உறைந்த ஒட்டுப்பாலின் நாற்றமும் கலந்து எங்கள் குசினியில் மாலைவரை இருக்கும்.

இனி மோட்டார் சைக்கிள். அப்பா முதலில் பெட்ரோல் குழாயைத் திறப்பார். திறந்த கையோடு கிக்கரை மிதிக்கிறவர்களை அவருக்குப் பிடிக்காது. காபரேட்டரில் பெட்ரோல் இறங்கி நிறைய வேண்டும். அதுவரை சீட்டிலிருக்கும் பனி ஈரத்தைப் பழைய சாரத்துண்டால் துடைப்பார். பிறகு, குளிர்ந்த எஞ்சினுக்குப் பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கிற சோக்கை மேலே தூக்குவார். சாவியைத் திருப்பாமலே கிக்கரை மெதுவாக மிதித்துவிடுவார், சிலிண்டருக்குள் கொஞ்சம் பெட்ரோல் வரட்டும் என்று. அதற்குப் பிறகுதான் சாவி. அதற்குப் பிறகுதான் அசல் மிதி. வண்டி இருமிக்கொண்டு எழும்பும்.

இருமும்போது யாராவது எக்ஸ்லேட்டரைத் திருகினால் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். "தூங்கி எழும்புன ஒடனே மலையேறச் சொன்னா எவன் ஏறுவான்?" என்று கத்துவார். இருமல் தணியத் தணிய சோக்கைப் பாதி இறக்குவார். பிறகு முழுதாக இறக்குவார். சத்தம் சீராகிவிடும். பெட்ரோல் வாசனை போய், சூடான இரும்பின் வாசனை வரும். அதற்குப் பிறகும் வண்டி நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். அப்பா படியில் உட்கார்ந்து தேத்தண்ணி குடிப்பார். அவசரமே இருக்காது.

"இன்னும் போகலயாப்பா?"

"கொஞ்ச நேரம் ஓடட்டும்."

சூடேறாமல் கிளம்பினால் எஞ்சின் பழுதாகிவிடும் என்று அப்பா சொல்லியிருந்தார். நாங்கள் கிட்ட நின்று பார்த்த மோட்டார் சைக்கிள் அது ஒன்றுதான். நம்பினோம்.

எங்கள் பக்கத்து மழை உங்களுக்குத் தெரியும். துவைத்துப் போட்ட துணி மூன்றாம் நாளும் ஈரமாகவே கொடியில் தொங்கும். பள்ளிக்கூடத்துக்குப் போடுகிற வெள்ளைக் காலுறைகள், அதாவது சிங்களத்தைப் பார்த்து நாங்களும் மேஸ் என்று சொன்னவை, காயவே காயாது. அதற்கு அம்மா ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தாள். சோக்கு இறங்கியதும் குசினியிலிருந்து வந்து, என் மேஸ் இரண்டையும் எஞ்சின் மேல் விரிப்பாள். ஆவி பறக்கும். புரட்டிப் போடுவாள். அப்பா முகத்தைச் சுளிப்பார், ஆனால் தடுக்கமாட்டார். காய்ந்த மேஸைச் சூட்டோடு என் காலில் மாட்டிவிடுவாள். கணுக்காலில் அந்தச் சூடு ஏறும். வகுப்பில் எல்லாரும், "ஒன்கிட்ட பெட்ரோல் நாத்தம் அடிக்குது" என்று தள்ளி உட்காருவார்கள். நான் அதைப் பெருமையாக எடுத்துக்கொண்டேன்.

கீழ் லயம் எங்கள் குவாட்டர்ஸுக்கு நேர் கீழே, ஓடைக்கு அந்தப் புறம். காலையில் எல்லாரும் கூடிப் பேர் கொடுக்கிற பெரட்டுக்களம் மலைக்கு மறுபக்கம். அங்கே அடிக்கிற மணி கீழ் லயத்துக்குக் காற்று வாக்கில் கேட்டால்தான் உண்டு. அப்பா போய்ப் பேர் பதிகிற நேரத்துக்குப் பிந்தினால் அரைப்பேர்தான் விழும், பாதி நாள் கூலி போய்விடும். அதனால் அந்த ஜனங்கள் அப்பாவின் பைக் சத்தத்தை மணியாக வைத்துக்கொண்டார்கள். இருமல் கேட்டால் எழும்ப வேண்டும். சத்தம் சீரானால் அடுப்பில் இருப்பதை இறக்க வேண்டும். கியர் விழுந்தால் வாளியும் கத்தியுமாக ஓட வேண்டும். "ஏ, சோக்கு எறங்கிருச்சு!" என்று ஒரு வீட்டில் கத்துவது அடுத்த வீட்டுக்கும் சேர்த்துத்தான்.

கைக்குழந்தைக்காரிகளுக்கு அந்தச் சீரான சத்தம் வேறொன்றுக்கும் உதவியது. பால் வெட்டப் போனால் வாளியை நிறுவைக்குக் கொண்டுவந்து கொடுக்கும்வரை, குழந்தைகளை விட்டுப்போகிற பிள்ளைக்காம்பராவுக்குத் திரும்ப முடியாது. ஆகவே போவதற்கு முன் கொடுப்பதுதான் குழந்தைக்குக் கடைசிப் பால். சோக்கு இறங்கியதும் பிள்ளையை மார்பில் போடுவார்கள். கியர் சத்தம் வரும்வரை பிள்ளை குடிக்கும்.

அந்த வருஷம் தோட்டத்து உதவி மானேஜராகப் புதிதாக ஒரு சின்னத்துரை வந்தார். சிங்களவர். சிறு வயது. கெட்டவர் என்று சொல்லமாட்டேன். மேலே இருப்பவர்களுக்குப் பயந்தவர். பிந்தி வருகிறவர்களைப் பிடிக்கத்தான் கணக்கப்பிள்ளைக்கு பைக் கொடுத்திருக்கிறது என்று வந்த அன்றே சொன்னாராம். ஆனால் அவர் வந்த பிறகும் கீழ் லயத்தில் ஒருவரும் பிந்தவில்லை. அது எப்படி என்று அவருக்குப் புரியாமலே இருந்தது. புரிய வைத்தது அத்தை.

மாரியம்மன் கோயில் திருவிழா. சின்னத்துரைக்கு முன்வரிசையில் வெள்ளைத் துண்டு விரித்த நாற்காலி. தோட்டத்து ஜனங்கள் அப்பாவுக்கு மாலை போட்டு மரியாதை செய்ய வேண்டும் என்று தங்களுக்குள் பேசி வைத்திருந்தார்கள். அப்பாவிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. மாலை போடுவதற்கு அத்தையைத் தள்ளிவிட்டார்கள். போட்டுவிட்டு இறங்கியிருந்தால் எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும். யாரோ மைக்கை அவள் கையில் கொடுத்தார்கள். இடுப்பில் குழந்தை, கையில் மைக், முகமெல்லாம் வேர்வை.

"எனக்குப் பேசத் தெரியாதுங்க. எங்க அண்ணன் இருக்காரே, வெள்ளனத்துல பைக்க ஸ்டார்ட் பண்ணி வச்சுக்கிட்டு எங்களுக்காகக் காத்துக்கிட்டு இருக்காரு. அந்தச் சத்தம் நிக்கிற வரைக்கும் நான் என் புள்ளைக்குப் பால் குடுக்கிறேன். வேற எந்தத் தோட்டத்துல இப்புடி ஒரு கணக்கப்புள்ள இருக்காரு? அவரு நல்லா இருக்கணும்."

பெண்கள் பக்கம் கைதட்டல் கூரையைப் பிடுங்கியது. அதோடாவது விட்டாளா? சின்னத்துரை ஒன்றும் விளங்காமல் சிரித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். பாவம், விருந்தாளிக்கு விளங்கவில்லையே என்று நினைத்துவிட்டாள். கடைத்தெருவில் பழகிய சிங்களம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அத்தனையையும் ஒன்றுவிடாமல் சிங்களத்தில் திருப்பிச் சொன்னாள். எங்கள் ஆட்களுக்குத்தான் இப்படி ஒரு தப்புச் செய்ய வரும், சபை மரியாதை தவறக்கூடாது என்று.

சின்னத்துரையின் சிரிப்பு அப்படியே நின்றது. அப்பா பக்கம் திரும்பினார்.

"எத்தத, கணக்கப்புள்ளே?" உண்மையா என்று கேட்டார்.

அப்பா மாலையோடு தலையைக் குனிந்துகொண்டு நின்றார். செவ்வந்திப் பூ சட்டைமேல் உதிர்ந்துகொண்டிருந்தது. அதற்குள் மறுபடி கைதட்டல் எழும்பியதால் அவர் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. பக்கத்தில் அம்மாவின் கை என் தோளை இறுக்கிப் பிடித்தது.

அடுத்த வாரம் அப்பாவை ஒபீசுக்குக் கூப்பிட்டார்கள். பைக்கில் போனவர் நடந்து வந்தார். ஹெல்மெட் மட்டும் கையில் இருந்தது. அது எங்கள் சொந்தக் காசில் வாங்கியது. படியில் உட்கார்ந்தார். அம்மா தேத்தண்ணி கொடுத்தாள். அவர் அதைக் குடிக்கவில்லை.

"பைக்குக்காகத்தான் ஓட விடுறேன்னு சொன்னேன். எஞ்சின் சூடேறணும்னு சொன்னேன். நம்ப மாட்டேங்குறாங்க."

"நம்புற மாதிரியா அந்த வாயாடி பேசி வச்சிருக்கா?" என்றாள் அம்மா. அதற்குப் பிறகு அவள் அந்த விஷயமாக அப்பாவிடம் ஒன்றும் கேட்டதாக எனக்கு ஞாபகமில்லை.

பிந்துகிறவர்களைப் பிடிக்கக் கொடுத்த பைக்கை அவர்களுக்காகவே காத்திருக்க வைத்தார் என்று அப்பாவைப் புகை வீட்டு வேலைக்கு மாற்றினார்கள். ரப்பர் ஷீட்டுகளைத் தொங்கப்போட்டு விறகுப் புகையில் காயவைக்கிற வேலை. குவாட்டர்ஸ் போய்விட்டது. காலியாக இருந்த ஒற்றை அறைக் காம்பரா கீழ் லயத்தில்தான் இருந்தது, அத்தை வீட்டுக்கு இரண்டு கதவு தள்ளி. சாமான்களைத் தலையில் வைத்துக்கொண்டு நாங்கள் இறங்கி வந்தபோது லயமே வாசலில் நின்றது. அத்தை ஓடிவந்து அம்மாவின் கையிலிருந்த பெட்டியைப் பிடித்தாள்.

"விடு. நீ செஞ்சது போதும்."

"அண்ணி..."

"என்னைய அண்ணின்னு கூப்புடாத. எங்க வீட்ட ஒன் வாயில போட்டு மென்னுட்டியே!"

அத்தை பெட்டியை விட்டாள். அதுதான் அவர்கள் இருவரும் பேசிக்கொண்ட கடைசிப் பேச்சு.

பிறகு எல்லாம் பீலியடியில்தான். அம்மா மறுபடி குடத்தோடு வரிசைக்கு வந்தாள். அம்மா தண்ணீர் பிடிக்கும்போது அத்தை வரிசையை விட்டு விலகிப் பலாமரத்தடியில் போய் நிற்பாள். குடம் நிரம்பி அம்மா திரும்பிப் பார்க்காமல் போன பிறகுதான் வருவாள். வருஷக்கணக்காக இப்படித்தான். ஒரு தடவைகூட அவள் தன் பக்கத்து நியாயம் என்று வாய் திறக்கவில்லை. அத்தனை பேச்சுப் பேசியவள் ஊமையாகிவிட்டாள். எனக்கும் அப்போது அவள்மேல் கோபம்தான். என் மேஸ் மறுபடி ஈரமாகிவிட்டதே.

புதிய கணக்கப்பிள்ளை பைக்கை உதைத்த கையோடு பறந்துவிடுவார். சத்தம் கேட்டு எழும்பினவர்கள் ஓடிப்போய் அரைப்பேரோடு நிற்பார்கள். அத்தையின் குழந்தை பிள்ளைக்காம்பராவில் கத்துகிற கத்தல், பள்ளிக்கூடம் போகும் வழியெல்லாம் எனக்குக் கேட்கும். அப்பா மட்டும் பழைய நேரத்துக்கே எழும்பி வாசலில் குந்தியிருப்பார். மேட்டிலிருந்து அந்த பைக் இருமும்போதே கியர் விழும். அப்பா கண்ணை மூடிக்கொள்வார். பிளக் கழற்றுகிற சாவி ஒன்று எப்படியோ எங்களோடு வந்துவிட்டது. அம்மா அதை வைத்து இஞ்சி தட்டினாள். அதுவும் ஒரு மழைக்காலத்தில் எங்கேயோ தொலைந்தது.

நான் ஓ.எல். பரீட்சை எழுதிய வருஷம் அப்பா இறந்தார். புகை நெஞ்சில் கட்டிவிட்டது. அத்தை வாசலோடு நின்று மாரடித்து அழுதாள். கூடப் பிறந்தவள், உள்ளே வந்து அண்ணன் காலைப் பிடித்து அழ அவளுக்கு உரிமை இருந்தது. அம்மா உள்ளே கூப்பிடவில்லை. அவளும் வரவில்லை.

எனக்கு மாவனல்லைப் பக்கம் கலியாணமானது. என் வீட்டுக்காரரிடம் அதே மாதிரி ஒரு பழைய பைக் இருந்தது. முதல் வாரம் ஒரு நாள் விடியக்காலையில் பஸ்ஸுக்குக் கொண்டுபோய் விடுகிறேன் என்று வெளியே எடுத்தார். பெட்ரோலைத் திறந்தார், சோக்கைத் தூக்கினார், மிதித்தார். கொஞ்சம் இருமியது. சோக்கை இறக்கினார். "ஏறு" என்றார்.

"சூடேற வேணாமா?"

"அதான் சோக்க எறக்கிட்டேனே."

"அதுக்கப்பறம் தேத்தண்ணி குடிக்கிற வரைக்கும் ஓட விடணுமே. இல்லாட்டி எஞ்சின் போயிருமே."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "நம்ம என்னா நுவரெலியாக் குளிர்லயா இருக்கோம்? இந்த ஊரு சூட்டுக்கு இதுவே தாராளம். மெதுவாப் போனா போற வழியிலயே மிச்சம் சூடாயிரும். எந்தப் பைத்தியக்காரன் சும்மா நிப்பாட்டி வச்சு பெட்ரோல எரிப்பான்?"

நான் பின்னால் ஏறி உட்கார்ந்தேன். பஸ் நிலையம் வரும்வரை அழுதேன். காற்றில் கண் கலங்கியதாக அவர் நினைத்துக்கொண்டார்.

அடுத்த முறை ஊருக்குப் போனபோது, அம்மா வெற்றிலை வாங்கக் கடைப்பக்கம் போன நேரமாகப் பார்த்து அத்தை வீட்டுக்குப் போனேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நேராகவே கேட்டேன்.

"அத்த, அப்பா பைக்குக்காக ஓட விடல, அப்புடித்தானே?"

சுளகை மடியில் வைத்தாள். "யாரு சொன்னா?"

"பைக்குதான் சொல்லுச்சு."

"நான்தான்டி கேட்டேன்" என்றாள் அத்தை. "புள்ள பொறந்து வேலைக்கு எறங்குன மொத நாளு, புள்ள வாய எடுக்குறதுக்கு முந்தி பைக்கு கெளம்பிருச்சு. பிச்சு எடுத்துட்டு ஓடுனேன். சாயந்தரம் அண்ணன்கிட்ட அழுதேன். அண்ணே, சோக்க எறக்குனாலும் கொஞ்ச நேரம் ஓடட்டுமேன்னு. அவரு ஒன்னும் சொல்லல. மறுநாள்லேருந்து ஓடுச்சு. எனக்கு மட்டுமா? புள்ளக்காரி அத்தன பேருக்கும் ஓடுச்சு."

"அத ஏன் மைக்குல சொன்னீங்க?"

"குத்தம்னு எனக்குத் தெரியலயே. நல்லது செஞ்சாரு, நல்லதுன்னு சொன்னேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஒங்கம்மாகிட்ட இதச் சொல்லிறாத. பைக்குக்காகத்தான்னு அவரு வீட்டுல சொல்லிட்டாரு. தெரிஞ்சே செஞ்சு வீட்டத் தொலச்சாருன்னு தெரிஞ்சா அவ அவரத் திட்டியிருப்பா. வேலையும் போயி, வீட்டுலயும் பேச்சு வாங்குனா மனுசன் எங்க போவாரு? என்னையத் திட்டட்டும்னு விட்டுட்டேன். நான் தாங்கிக்குவேன்."

"இப்பதான் அப்பா இல்லயே அத்த."

"செத்தவரத் திட்டுனா மட்டும் நல்லாவா இருக்கும்?"

நான் சொல்லவில்லை. அத்தை சொன்ன வார்த்தைக்காக அல்ல. அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அம்மா வீட்டுக்குப் போகும்போதெல்லாம், "அந்த வாய் மட்டும் இல்லாட்டி நாம பைப்புத் தண்ணியில இருந்திருப்போம்" என்பாள்.

போன வருஷம் அத்தை இறந்தாள். சாவுக்கு அம்மா வருவாளோ மாட்டாளோ என்றிருந்தேன். எனக்கு முந்திச் சேலை மாற்றிக்கொண்டு நின்றாள். அத்தையின் தலைமாட்டில் உட்கார்ந்து, கலைந்திருந்த தலைமுடியை விரலால் கோதிவிட்டுக்கொண்டே இருந்தாள். அழவில்லை. அடக்கம் முடிந்து கால் கழுவப் பீலியடிக்குப் போனோம். பீலி இருந்த இடத்தில் இப்போது சிமெந்துக் கட்டும் ஒரு குழாயும் இருக்கின்றன. பலாமரம் அப்படியே நிற்கிறது. மற்றவர்கள் போன பிறகு, இனி யாரைக் காப்பாற்ற என்று தோன்றியது. அத்தை கேட்டதையும் அப்பா அதற்காகவே வண்டியை ஓட விட்டதையும் சொன்னேன்.

அம்மா குழாயைத் திறந்து காலைக் கழுவினாள். "ஒன் மேஸக் காயப் போட்டது யாரு?" என்று கேட்டாள்.

"நீதான்."

"அது காஞ்சு ஒன் கால்ல மாட்டுனதுக்கு அப்பறமும் அந்த எஞ்சின் நின்ன எடத்துலயே ஓடிக்கிட்டு இருக்கும். கைய வச்சா சுட்டுரும். அதுக்கு மேல அது என்னாத்துக்கு சூடேறணும்? நானும் பால் வெட்டுனவதானே. கீழ யாரு எதுக்கு அதக் கேட்டுக்கிட்டு ஒக்காந்துருக்கான்னு எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுமாம்மா அத்தையோட பேசாம இருந்த?"

"வீடு போச்சுல்ல. யாரையாவது திட்டணும்ல. பைக்குக்காகத்தான்னு அவரு என் மூஞ்சியப் பாத்துச் சொல்றாரு. பொய்யின்னு சொல்லிட்டு அவரோட எப்புடிக் குடும்பம் நடத்துறது? அவ தாங்குவான்னு நெனச்சேன்."

"அத்தையும் அதத்தான் சொன்னாங்க. நான் தாங்கிக்குவேன்னு."

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள். "சொன்னாளா?" என்றாள். பிறகு சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, மெதுவாக நடந்து, பலாமரத்தடியில் அத்தை அப்போது குடத்தோடு நின்ற இடத்தில் போய் நின்றாள். அங்கிருந்து குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். குழாய் திறந்தபடி இருந்தது. நான் மூடப் போனேன்.

"மூடாத" என்றாள் அம்மா. "கொஞ்ச நேரம் ஓடட்டும்."